இரண்டு தடமும் காலியாக இருக்கும் நேரம்

சங்கத்தின் கணக்குப்படி கமாலின் கோப்பு போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும். சேரவில்லை என்றால் அது கோப்பின் குற்றமாக இருக்கலாம், கமாலின் குற்றமாக இருக்கலாம், கணக்கின் குற்றமாக மட்டும் இருக்க முடியாது. இதைச் சங்கம் அவருக்கு எழுத்து மூலமாக மூன்று முறை தெரிவித்திருந்தது. மூன்றாவது கடிதத்தில், 'தங்கள் அறியாமையைப் பொறுத்துக்கொள்கிறோம்' என்று ஒரு வரி கூடுதலாக இருந்தது.

கமாலுக்கு நாற்பத்தாறு வயது. பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம் செய்த குடும்பம். இவர் ஒருவர்தான் கடலை விட்டு இரும்புக்கு வந்து, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் ஸ்பிரிங் பட்டறை போட்டவர். இருபத்திரண்டு பேர் வேலை செய்தார்கள். அங்கே சுற்றுகிற ஸ்பிரிங்கில் முக்கால்வாசி பூனாவில் இருக்கும் ஒரு பம்ப் கம்பெனிக்குப் போயிற்று. அந்தக் கம்பெனிக்கு ஸ்பிரிங் மட்டும் போதாது. அன்றன்றைக்குச் சுற்றிய ஸ்பிரிங்குகளை அழுத்திப் பார்த்த சோதனைப் படங்களும் அன்றன்றைக்கே கம்ப்யூட்டர் வழியாக வந்து சேரவேண்டும். படம் வராவிட்டால் பெட்டியைக்கூடப் பிரிக்க மாட்டார்கள். அதுவும் பட்டறையின் பெயரில் பதிவான இணைப்பிலிருந்து வந்தால்தான் அவர்களுடைய கம்ப்யூட்டரின் கதவு திறக்கும். சி.டி.யில் போட்டு அனுப்புகிறேன் என்றாலும், சென்னையில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அனுப்புகிறேன் என்றாலும் அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

இது நடந்தது 2005-இல். கும்மிடிப்பூண்டியில் தனியாக ஒரு இணைப்பு வேண்டுமென்று அப்போது விண்ணப்பித்தவர்களில் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள், விண்ணப்பமும் உயிரோடு இருக்கிறது. அதனால்தான் கும்மிடிப்பூண்டிக்காரர்களும் திருவள்ளூர் பக்கத்துக் காக்களூர்த் தொழிற்பேட்டைக்காரர்களும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். கணினித் தட நியாயப் பகிர்வுச் சங்கம் என்று பெயர். சங்கத்திடம் கம்ப்யூட்டர் கோப்புகள் போகிற இரண்டு தடங்கள் இருந்தன. முதல் தடம் கும்மிடிப்பூண்டியிலிருந்து காக்களூர் வரை. இரண்டாம் தடம் காக்களூரிலிருந்து சென்னை வரை. சென்னைக்கு வந்துவிட்டால் அதற்கப்பால் உலகம் திறந்து கிடந்தது.

கும்மிடிப்பூண்டிக்காரர்களில் அநேகம் பேருக்குக் காக்களூரோடுதான் கொடுக்கல் வாங்கல். இங்கே வார்ப்பார்கள், அங்கே கடைசல் பிடிப்பார்கள். அவர்களுக்கு முதல் தடம் போதும். காக்களூர்க்காரர்களுக்குச் சென்னையோடுதான் பேச்சு. அவர்களுக்கு இரண்டாம் தடம் போதும். இரண்டையும் தாண்டிப் போகவேண்டியவர் கமால் ஒருவர்தான். சங்கத்தின் விதியோ மிகவும் அழகானது. 'அந்தந்தத் தடத்தில் அந்தந்த ஊர்க்காரருக்கே முன்னுரிமை' என்று ஒரே வரியில் எழுதி, கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். முதல் தடத்தில் கும்மிடிப்பூண்டிக்காரர் யாராவது காக்களூருக்கு ஒரு படம் அனுப்பிக்கொண்டிருந்தால் கமாலின் கோப்பு ஒதுங்கி நிற்கவேண்டும். இரண்டாம் தடத்தில் காக்களூர்க்காரர் யாராவது நுழைந்தாலும் ஒதுங்கி நிற்கவேண்டும். தொடர்ந்து மூன்று நிமிடம் ஒதுங்கி நின்றால், பூனாவின் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். கோப்பு மறுபடி முதலிலிருந்து கிளம்பவேண்டும்.

மாலை ஆறு மணிக்குமேல் அனுப்பலாமே என்று யாருக்கும் தோன்றும். கமாலுக்கும் தோன்றியது. ஆறு மணிக்குச் சங்கம் தடங்களை மூடிவிடும். 'நாள் முழுவதும் உழைத்த தடங்களுக்கு ஓய்வு தேவை' என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முழு ஓய்வு. சரி, சாப்பாட்டு நேரத்தில் அனுப்பலாம் என்றால், கும்மிடிப்பூண்டிக்குப் பன்னிரண்டரைக்கும் காக்களூருக்கு ஒரு மணிக்குமாகச் சாப்பாட்டு நேரத்தைச் சங்கமே பிரித்து வைத்திருந்தது. சுமையைச் சமப்படுத்துகிறார்களாம்.

அந்த வாரம் திங்கட்கிழமை காலையில் பூனாவிலிருந்து கடிதம் வந்தது. போன வாரப் படங்கள் எதுவும் வரவில்லை, எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டி வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்பவேண்டும், தவறினால் பட்டறையின் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்படும். அவ்வளவுதான் கடிதம். பட்டறையில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் மரியம் பீவி அதைப் படித்துவிட்டுக் கமாலிடம் நீட்டினாள். அவளும் பழவேற்காட்டுக்காரிதான். புருஷன் இல்லை, இரண்டு பெண்கள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

"பேர எடுத்துட்டா இன்னாண்ணே ஆவும்?"

"இருவத்திரெண்டு பேரும் ஊட்டுக்குப் போவணும். நானும்தான்."

மரியம் பீவி திரையைத் திருப்பிக் காட்டினாள். காலையில் ஏற்றிவிட்ட கோப்பு நூற்றுக்கு இரண்டில் நின்றுகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூஜ்யத்துக்குப் போயிற்று.

கமால் பஸ் பிடித்து, சங்கத்தின் அலுவலகம் இருந்த காக்களூருக்குப் போனார்.

சங்கத்தின் தலைவர் சடையப்பன் ஏதோ ஒரு பெரிய அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த அலுவலகம் என்று கேட்டவர்களுக்கு, "பெரிய அலுவலகம்" என்றுதான் பதில் கிடைத்தது. மேடை இல்லாத இடத்திலும் அவர் மேடையில்தான் பேசுவார். கமாலை உட்காரச் சொல்லாமல் கரும்பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"திரு. கமால் அவர்களே, முதல் தடத்தில் உள்ளூர்ச் சுமை நூற்றுக்கு எண்பது. தங்கள் சுமை பத்து. கூட்டினால்?"

"தொண்ணூறுங்கய்யா."

"இரண்டாம் தடத்தில் உள்ளூர்ச் சுமை எண்பது. தங்களுடையது பத்து. கூட்டினால்?"

"அதுவும் தொண்ணூறுதாங்கய்யா."

"இரண்டு தடத்திலும் பத்துப் பத்து மிச்சம் கிடக்கிறது. மிச்சம் இருக்கிற இடத்தில் நெரிசல் இருக்க முடியுமா? இருக்க முடியாத நெரிசலைப் பற்றித் தாங்கள் மூன்று மனு கொடுத்திருக்கிறீர்கள். அவற்றை எந்தக் கோப்பில் வைப்பது என்று தெரியாமல் என் ஊழியர்கள் தவிக்கிறார்கள். அவர்களையும் நினைத்துப் பாருங்கள்."

"கணக்கு சரிதாங்கய்யா. ஆனா கோப்பு போவலயே."

"நியாயம் என்பது எல்லோருக்கும் கொடுப்பதல்ல, திரு. கமால். யாருக்கும் மறுக்கவில்லை என்று எழுதி வைத்துக்கொள்வது. தங்களுக்கு நாங்கள் எப்போதாவது மறுத்திருக்கிறோமா?"

மறுக்கவில்லை. அதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கமாலால் வெளியே வர முடிந்தது.

வாசலில் ரகுராம் காத்திருந்தான். சங்கத்தின் ஒரே எஞ்சினியர் அவன். திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்கிற வீட்டுப் பையனாகப் பிறந்து, கணக்குப் பைத்தியம் பிடித்து, எம்.எஸ்ஸி. படித்துவிட்டு இங்கே வந்து மாட்டிக்கொண்டவன். டீக்கடைக்குக் கூட்டிப்போய், தினத்தாளின் ஓரத்தில் பேனாவால் இரண்டு கோடு போட்டான்.

"ரயில்வே கேட்டு ரெண்டு இருக்குன்னு வெச்சுக்கோங்கோ பாய். நடுவுல நிக்க இடமில்ல. ரெண்டும் ஒரே நேரத்துல தெறந்திருந்தாதான் உங்க வண்டி தாண்டும். மொத கேட்டு ஒரு மணி நேரத்துல பன்னண்டு நிமிஷம் தெறந்திருக்கு. ரெண்டாவதும் பன்னண்டு நிமிஷம். ஆனா இது தெறக்கறச்சே அது மூடியிருக்கும். ரெண்டும் சேந்து தெறந்திருக்கறது மணிக்கு ரெண்டரை நிமிஷம் கூட இல்ல."

"எனக்கு எவ்ளோ வேணும்?"

"மணிக்கு ஆறு நிமிஷம். மூணரை நிமிஷம் பாக்கி விழறது. ஒவ்வொரு மணிக்கும் விழறது. வருஷம் பூரா நின்னாலும் உங்க வரிசை வளந்துண்டேதான் போகும்."

கமால் டீயை வைத்துவிட்டுக் கோடுகளைப் பார்த்தார். ஸ்பிரிங் சுற்றுகிறவருக்கு இது புரிந்தது. மூன்று மாதமாகத் தன் மேல்தான் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு முதலில் ஆறுதலாகவும், உடனே அதைவிடப் பெரிய பயமாகவும் இருந்தது.

"அப்போ தடம் பத்தலயா?"

"தாராளமா பத்தும். தடத்துல நிக்கற எல்லாருக்கும் சமமா பங்கு போட்டா போதும், ரெண்டு தடம் தாண்டறவாளுக்கும் சேத்து. எந்த வரிசையும் வத்திடும். கணக்குல நிரூபிக்கலாம். நானே நாலு பக்கம் எழுதிக் குடுத்தேன்."

"இன்னா சொன்னாங்கோ?"

ரகுராம் பையிலிருந்து அந்த நாலு பக்கத்தை எடுத்துக் காட்டினான். மேலே சிவப்பு மையில் இரண்டு குறிப்புகள் இருந்தன. 'கிரேக்க எழுத்துகள் சங்கத்தின் மொழிக் கொள்கைக்கு முரணானவை.' 'மேற்படி கமால் இரண்டு தடங்களைப் பயன்படுத்துகிறார். இருமடங்கு நுகர்பவருக்குச் சம பங்கு கேட்பது அநியாயம். திருப்பி அனுப்புக.'

"வியாழக்கெழம அஞ்சு மணிப்பா. ஏதாச்சும் வழி கீதா?"

ரகுராம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "இருக்கு. அன்னிக்கி ரெண்டு மணிக்கு நியாயப் பகிர்வு தினம்."

வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற கூட்டம் அது. முதல் வருடம் உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகக் கழன்றுகொண்டார்கள். தலைவர் இரண்டு நாற்காலிகளுக்கும் ஒரு மின்விசிறிக்கும் உரையாற்றவேண்டி வந்தது. இரண்டாம் வருடத்திலிருந்து புதிய ஏற்பாடு. ஒவ்வொரு பட்டறை முதலாளியும் தன் கம்ப்யூட்டரின் மவுஸைக் கழற்றிக் கொண்டுவந்து வாசலில் ஒப்படைக்கவேண்டும். கோயிலில் செருப்புக்குக் கொடுப்பதுபோல அதற்கு ஒரு பித்தளை வில்லை கொடுப்பார்கள். கூட்டம் முடிந்து வில்லையைக் கொடுத்தால்தான் மவுஸ் திரும்பும். வராதவரின் இணைப்பு மூன்று மாதத்துக்குத் துண்டிக்கப்படும். மவுஸ் இல்லாமல் கம்ப்யூட்டரை ஓட்ட அந்த இரண்டு பேட்டைகளிலும் ஒருவருக்கும் தெரியாது என்பதால் ஏற்பாடு கச்சிதமாக வேலை செய்தது.

"போன வருஷம் கிராஃப் பாத்தேன். கூட்டம் நடக்கறச்சே ரெண்டு தடமும் சுத்தமா காலி. உங்க கோப்புக்கு எவ்ளோ நேரம் ஆகும்?"

"தடையில்லாம போனா ரெண்டேகால் மணி நேரம்."

ரகுராமின் முகம் வாடிவிட்டது. "தலைவர் ஒண்ணே முக்கால் மணி நேரம்தான் பேசுவார்."

சங்கத்தின் சரித்திரத்தில் தலைவரின் பேச்சு போதாது என்று ஒருவர் வருத்தப்பட்டது அதுதான் முதல் தடவை.

கமால் கும்மிடிப்பூண்டி பஜாரில் இன்னொரு மவுஸ் வாங்கினார். மரியம் பீவியோடு உட்கார்ந்து ஏற்பாட்டைப் பேசினார். செல்போனில் பேச முடியாது, மேடைக்கு எதிரில் உட்கார்ந்திருப்பார். அதனால் மிஸ்டு கால். நூற்றுக்குப் பத்து போனால் ஒரு மிஸ்டு கால். எங்கேயாவது நின்றுவிட்டால் அடுத்தடுத்து இரண்டு. முழுதும் போய்விட்டால் நிறுத்தாமல் அடிக்கவேண்டும்.

"நின்னுட்டா நீங்க இன்னாண்ணே பண்ணுவீங்க?"

"தெர்ல மா. நீ அடி."

வியாழக்கிழமை இரண்டு மணிக்குக் காக்களூர் சங்கக் கட்டடத்தின் வாசலில் பெரிய மூங்கில் கூடை இருந்தது. அதற்குப் பின்னால் குமாஸ்தா சுப்பிரமணி. கமாலின் மவுஸை வாங்கி, வாலைச் சுற்றி, பெயர் எழுதிய சீட்டு ஒட்டிக் கூடையில் போட்டார். நாற்பத்தொன்றாம் எண் வில்லை கிடைத்தது. இரண்டு ஐந்துக்குக் கூடை நிறைந்தது. இரண்டு பத்துக்குக் கதவைச் சாத்தினார்கள். இரண்டு பத்துக்கே மரியம் பீவி கோப்பை ஏற்றிவிடுவாள். நாலு இருபத்தைந்துவரை இந்த அறையிலிருந்து ஒரு ஆளும் வெளியே போகக்கூடாது. அறுபது பேர் இருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் காக்களூர்க்காரர்கள், கூட்டம் விட்டால் ஐந்தாவது நிமிடம் அவரவர் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருப்பார்கள்.

தலைவர் எழுந்தார்.

"பெரியோர்களே. மூன்றாண்டுகளுக்கு முன் இந்தத் தடங்களில் ஒழுங்கு இல்லை. யார் வேண்டுமானாலும் அனுப்பினார்கள், போய்ச் சேர்ந்தது. இன்று ஒழுங்கு இருக்கிறது."

சட்டைப்பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. பத்து.

"சிலர் கேட்கிறார்கள், தலைவரின் வீட்டுக்கு மட்டும் ஏன் தனித் தடம் என்று. நான் ஒளிக்கவில்லை. உங்கள் தடத்தில் நான் குறுக்கே வரக்கூடாது என்பதற்காகவே அந்தத் தியாகம்."

கைதட்டினார்கள். எல்லாரையும்விட ஓங்கித் தட்டியவர் கமால். கைதட்டினால் தலைவர் சொன்னதையே இன்னொருமுறை சொல்லுவார் என்பது அவருக்குத் தெரியும். சொன்னார். இருபது.

முப்பது வந்தது. நாற்பது வந்தது. பக்கத்தில் இருந்தவர் தூங்கி விழுந்தார். கமால் மட்டும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த மனிதருக்குத் தொண்டை கட்டிவிடக்கூடாதே என்று அவர் மனசார துஆ கேட்டார். மூன்று மாதமாக யாருடைய வாயை அடைக்க வேண்டும் என்று நினைத்தாரோ அதே வாய்க்காக. ஒரு இடத்தில் தலைவர் இருமியபோது, தன் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு மேடைவரை போய்க் கொடுத்துவிட்டு வந்தார். தலைவர் அவரை உற்றுப் பார்த்தார். கண் கலங்கியிருந்ததாகப் பிற்பாடு சொன்னார்கள்.

அறுபது வந்த சமயத்தில் தலைவர் திரையைக் காட்டினார்.

"இப்போது ஒரு செயல்விளக்கம். தடங்கள் எவ்வளவு காலியாக இருக்கின்றன என்று கண்ணால் காணுங்கள். கும்மிடிப்பூண்டிக் கிளையில் உள்ள எனது உருவப்படம் முதல் தடம் வழியாக இங்கே வரப்போகிறது. ரகுராம், வரவழையுங்கள்."

ரகுராம் கமாலைப் பார்த்தான். கமால் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். சங்கத்தின் மவுஸ் கூடையில் இல்லை என்பதை இருவரும் மறந்துபோயிருந்தார்கள்.

"சார், நெட்வொர்க் கொஞ்சம்..."

"வரவழையுங்கள்."

படம் மேலிருந்து கீழாக வரத் தொடங்கியது. முதலில் தலைமுடி. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது. இரண்டு. கோப்பு நின்றுவிட்டது.

மூன்று நிமிடம். அதற்குள் நகரவில்லை என்றால் அறுபதும் போய், பூஜ்யத்திலிருந்து தொடங்கவேண்டும், அதற்கு இன்றைக்கு நேரமில்லை. திரையில் நெற்றி வந்தது. நெற்றி பெரிய நெற்றி. ஒரு நிமிடம் பிடித்தது. மேஸ்திரி, பாலிஷ் போடுகிற இரண்டு பேர், மரியம் பீவி என்று ஒவ்வொரு முகமாக வந்து போயிற்று. திரையில் புருவம் வந்தது. கண்ணாடியின் மேல் விளிம்பு வந்தது. இரண்டேகால் நிமிடம். கண்கள் வந்தன. மூக்கு பாதி வந்தது.

ரகுராம் ஒரு பட்டனைத் தட்டினான். படம் மூக்கோடு நின்றது.

"வந்தாச்சு சார்," என்றான்.

தலைவர் திரும்பிப் பார்த்தார். வாயில்லாத தன் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

"பார்த்தீர்களா," என்றார். "எவ்வளவு விரைவு."

கைதட்டல் எழுந்தது. கமால் தட்டவில்லை, சட்டைப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எழுபதுக்கான அதிர்வு வருகிறவரைக்கும் அவர் கையை எடுக்கவில்லை.

மூன்று ஐம்பத்தைந்துக்குத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "இத்துடன் என் உரையை நிறைவு செய்கிறேன். வழக்கம்போல் கேள்வி நேரம். வழக்கம்போல் கேள்விகள் இருக்காது என்று நம்புகிறேன்."

நாற்காலிகள் நகர்ந்தன. தூங்கியவர்கள் விழித்தார்கள். கமால் எழுந்து நின்றார். அவர் ஆயுசில் கூட்டத்தில் எழுந்து பேசியவர் இல்லை.

"ஐயா, ஒரே ஒரு சந்தேகம். நியாயம்னா இன்னாங்கய்யா?"

அறையே திரும்பி அவரைப் பார்த்தது. தலைவரும் பார்த்தார். மூன்று வருடத்தில் அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. மெல்லக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

பதில் பதினேழு நிமிடம் போயிற்று. அதில் உலகம் தோன்றிய கதை இருந்தது, எறும்புகளின் ஒழுக்கம் இருந்தது, தலைவர் பள்ளிக்கூடத்தில் மிட்டாய் பங்கு போட்டதும் இருந்தது. கடைசி மிட்டாய் யாருக்கும் கிடைக்கக்கூடாது என்பதற்காக அதைத் தானே தின்றுவிட்டதாகச் சொன்னார். எண்பது வந்தது.

"இன்னொரு சந்தேகம்," என்றார் கமால்.

"பாய், உக்காருயா," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ரெண்டு மணி நேரமா லோடு வெயிட்டிங்ல கீது. பேஜாரு பண்ணாத."

"எண்பதும் பத்தும் தொண்ணூறுன்னு அன்னைக்கி சொன்னீங்க. அத இவங்களுக்கும் ஒரு தபா சொன்னீங்கன்னா..."

தலைவர் சொல்லத் தொடங்கினார். ஆனால் நாலு பதினாறுக்குக் கூட்டம் அவரைக் கேட்காமலே எழுந்துவிட்டது. நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு அறுபது பேரும் கூடையைப் பார்த்து ஓடினார்கள். தொண்ணூறு இன்னும் வரவில்லை. முழுதும் போக இன்னும் பதினான்கு நிமிடமாவது வேண்டும். முதல் ஆள் சுப்பிரமணியிடம் வில்லையை நீட்டிவிட்டான்.

கமால் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்க் கூடையின் மேல் இரண்டு கையையும் வைத்தார்.

"சுப்பிரமணி சார், ஒரு நிமிஷம். இத எந்த முறைல திருப்பிக் குடுக்கறீங்கோ?"

"இன்னா முறை? யார் மொதல்ல வந்தாங்களோ அவங்களுக்கு."

"அது நம்ம சங்கத்து விதி இல்லியே. உள்ளூர்க்காரருக்கு முன்னுரிமைன்னு செவுத்துல மாட்டி வெச்சிக்கினு, வாசல்ல வந்தவனுக்கு வந்தபடி குடுத்தா இன்னா அர்த்தம்? கூடை எந்த ஊர்க் கூடை?"

சுப்பிரமணி முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவர். இப்படிப்பட்ட கேள்விக்குத் தானாகப் பதில் சொல்லக்கூடாது என்று அவருக்குத் தெரியும். கையிலிருந்த மவுஸைத் திரும்பக் கூடையில் போட்டுவிட்டுத் தலைவரைப் பார்த்தார்.

தலைவர் இறங்கி வந்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது. "அருமையான ஐயம். விதி எழுதும்போது இதை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை."

"கூடை காக்களூர்ல கீது. எங்களுக்குத்தான் மொதல்ல," என்றார் ஒரு காக்களூர்க்காரர்.

"நீ நடந்தே போயிடுவ. நாங்க அம்பது கிலோமீட்டர் போவணும், எங்களுக்கு மொதல்ல குடு," என்றார் ஒரு கும்மிடிப்பூண்டிக்காரர்.

"மூங்கில் எந்த ஊருன்னு பாக்கணும்," என்றான் ரகுராம், முகத்தில் எதையும் காட்டாமல்.

தலைவர் அங்கேயே, நின்ற இடத்திலேயே, ஐந்து பேர் கொண்ட துணைக்குழு ஒன்றை அமைத்தார். குழுவில் இரண்டு ஊருக்கும் சம இடம் வேண்டும் என்றார்கள். ஐந்தை இரண்டாகப் பிரிக்க முடியவில்லை. ஆறாக்கினார்கள். ஆறு பேரில் தலைமை யாருக்கு என்று அடுத்த சண்டை வந்தது. ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள். கமாலின் கைகள் கூடையை விடவில்லை. சட்டைப்பையில் ஒருமுறை அதிர்ந்தது. தொண்ணூறு. யாரோ அவர் விலாவில் முழங்கையால் இடித்தார்கள். கூடையின் மூங்கில் உள்ளங்கையைக் கிழித்தது. நாலு இருபத்தி மூன்று. நாலு இருபத்தி ஆறு. துணைக்குழு, அகர வரிசையில் கொடுப்பது என்று முடிவு செய்து, பெயரின் அகரமா பட்டறையின் அகரமா என்பதில் இரண்டாகப் பிளந்தது.

நாலு முப்பதுக்குப் போன் அதிர்ந்தது. நிற்கவில்லை. அதிர்ந்துகொண்டே இருந்தது. கமால் கூடையை விட்டுவிட்டுச் சுவர் ஓரமாகப் போய் எடுத்தார்.

"போயிடுச்சுண்ணே. முழுசும் போயிடுச்சு. வந்து சேந்துச்சுன்னு அவங்களே பதில் போட்டுட்டாங்கோ."

கமால் செங்கல் சுவரில் சாய்ந்து நின்று அழுதார். சண்டையில் அடிபட்டுவிட்டது என்று நினைத்துச் சுப்பிரமணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

திங்கட்கிழமை காலையில் பட்டறைக்கு இரண்டு கடிதங்கள் வந்தன.

முதலாவது பூனாவிலிருந்து. படங்கள் கிடைத்தன, திருப்தி, பட்டறையின் பெயர் பட்டியலில் தொடர்கிறது. இனி அன்றன்றைய படம் அன்றன்றே வரவேண்டும். ஒரு நாள் தவறினாலும் பெயர் நீக்கப்படும்.

இரண்டாவது சங்கத்திலிருந்து. கமால் நின்றபடியே படித்தார்.

'உறுப்பினர் எண் 41, திரு. கமால் அவர்களின் கோப்பு வியாழனன்று முழுமையாகச் சென்று சேர்ந்ததைச் சங்கத்தின் பதிவேடு காட்டுகிறது. நடப்பு விதி சரியானது என்பது இதனால் நிரூபணமாவதால், அன்னாரின் மூன்று மனுக்களும் முடித்து வைக்கப்படுகின்றன.

அன்றைய தினம் இரண்டு தடங்களும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேறு எவராலும் பயன்படுத்தப்படாமல் கிடந்தது கவலைக்குரியது. அதே வேளையில், தலைவரின் உரையைக் கேட்க அன்னார் காட்டிய தாகம் செயற்குழுவை நெகிழச் செய்தது. இவ்விரண்டையும் கருத்தில் கொண்டு, இன்று முதல் இரு தடங்களிலும் காலியாகும் ஒவ்வொரு நிமிடமும் தலைவரின் உரை படத்துடன் ஒளிபரப்பாகும். உரை இரண்டு ஊருக்கும் உள்ளூர் என்று கருதப்படுவதால் முன்னுரிமை உண்டு. இனி உறுப்பினர்கள் மவுஸைச் சுமந்துகொண்டு வரவேண்டியதில்லை. ஆண்டுக் கூட்டம் ரத்து செய்யப்படுகிறது. எல்லாக் கேள்விகளையும் திரு. கமால் கேட்டுவிட்டபடியால் கேள்வி நேரமும் ரத்து செய்யப்படுகிறது.'

"அண்ணே," என்று மரியம் பீவி கூப்பிட்டாள். "இங்க வந்து பாருங்களேன்."

கம்ப்யூட்டர் திரையின் ஒரு மூலையில் அன்றைய சோதனைப் படம் பூஜ்யத்தில் நின்றுகொண்டிருந்தது. மற்ற இடம் முழுவதும் மேலிருந்து கீழாக ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் தலைமுடி வந்தது. பிறகு நெற்றி. பிறகு கண்ணாடி, கண்கள், மூக்கு. இந்தமுறை அது மூக்கோடு நிற்கவில்லை. மீசை வந்தது, வாயும் வந்தது. வாய் திறந்திருந்தது.

பட்டறையில் மற்ற இருபத்தொரு பேரும் அதுவரை சுற்றிய ஸ்பிரிங்குகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மணி பதினொன்று. தடங்கள் ஓய்வுக்குப் போக இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது.